போத்தலில் வந்த புழு

கொழும்பில் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இரை ஒரு பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. மத்தியானம் வீட்டில் இறால் என்றால் பின்னேரம் அதன் தலைகள் ஒரு பொலித்தீன் பையில் வந்துவிடும். இறால் இல்லாத நாளில் பாண். அச்சுப்பாணின் வெள்ளைப் பகுதியைக் கிள்ளி, கொஞ்சம் எச்சில் தொட்டு உருட்டி, கொக்கியின் முனை மறையும் மட்டும் பொத்திவிடுவார்கள். கூடுதலாக அமத்தினால் மீன் துப்பிவிடும். குறைவாக அமத்தினால் வீசும்போதே கழன்றுவிடும். அந்தப் பதம் கைக்கு வரச் சில மாதம் செல்லும்.

கம்பும் ரீலும் வைத்திருப்பவர்கள் அங்கே குறைவு. பெரும்பாலானோர் கையில் இருப்பது வெறும் சோடாப் போத்தல். அதன் உடம்பில் தங்கூஸ் நூல் சுற்றியிருக்கும். நுனியில் ஓர் ஈயக்குண்டு, ஒரு கொக்கி. போத்தலின் வாயைக் கடலுக்கு நேரே பிடித்துக்கொண்டு மற்றக் கையால் குண்டைச் சுழற்றி விட்டால் நூல் தானாகக் கழன்று ஓடும். முதுகுக்குப் பின்னால் மாத்தறை ரயில் தடதடத்துப் போகும்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுட்டுவிரலில் பட்டும் படாமலும் கிடக்கும் நூலில் ரயிலின் அதிர்வு எது, மீனின் கொத்தல் எது என்று அவர்களுக்குத் தெரியும்.

கிடைப்பதெல்லாம் சின்ன மீன்கள். கடல் பக்கம் கீளி, பாரைக்குட்டி. கால்வாய் வாயில் திரளி. கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாலத்தடியில் திலாப்பியா. உள்ளங்கைக்கு மேல் போனால் அன்றைய பேச்சு அதுதான். உப்பும் மஞ்சளும் பிரட்டி முறுகப் பொரித்தால் இரவுச் சாப்பாட்டுக்கு உதவும். கீளியைக் கொக்கியிலிருந்து கழற்றும்போது கவனம் வேண்டும். செவுள்மூடியில் ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடுகள் வளைந்து ஓட, கையில் எடுத்தவுடன் ‘கொர் கொர்’ என்று முனகும். காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து எழுப்புகிற சத்தம் அது. இரையில் பேதம் பார்க்காத மீன். பசித்தால் மற்ற மீன்களின் செதிலைக்கூட உரித்துத் தின்னும்.

இந்த இடத்துக்குத்தான் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு போத்தல் வந்து சேர்ந்தது.

கலியாணவீட்டுக்கு வந்த மச்சான் ஒருவன் கொண்டுவந்தான். சொக்கிலேட், விற்றமின் குளிசை, வலி தைலம் இவற்றோடு ஒரு அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் போத்தல். உள்ளே ஏதோ ஒரு திரவத்தில் ஊறிக்கொண்டு இளஞ்சிவப்புப் புழுக்கள்: எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிப்பு, உடம்பு முழுக்க வளையம் வளையமாக அச்சு. மூடியைத் திறந்ததும் குசினிக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது: “என்ன கோதாரி மணமடா உது?” மச்சானுக்கு அதில் பெருமைதான். அங்கே ஏரிக்கரையில் இதைப் போட்டால் மீன் விடாது என்றான். உயிர்ப்புழு தேடத் தேவையில்லை, கை ஊத்தையாகாது, அடுத்த வருசமும் கெடாமல் இருக்கும்.

சிரித்துவிட்டுப் போவது சுலபம். மீன் பிடிக்கப் புழுவைக்கூடத் தொழிற்சாலையில் செய்கிறார்கள் என்று இங்கே சொன்னால், கடற்கரைக் கல்லணையில் தூண்டிலோடு இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் போத்தல் பிறந்த மண்ணில் அதற்கு நியாயம் இருக்கிறது.

ரொறன்ரோவைச் சுற்றிய ஏரிகளில் கோடைகால ஞாயிறுகளில் எங்கள் சனத்தைக் காணலாம். ஒரு பக்கம் இறைச்சி வாட்டும் அடுப்பு, மறுபக்கம் அலுமினியத் தட்டில் கொத்துரொட்டி, கரையில் பிள்ளைகளின் கையில் தூண்டில். அவர்கள் பிடிப்பது புளூகில், பம்ப்கின்சீட், ரொக் பாஸ், மஞ்சள் பேர்ச், கிரப்பி போன்ற சின்ன மீன்கள். புளூகில்லுக்கும் பம்ப்கின்சீட்டுக்கும் கையகல உடம்பு, அதற்குப் பொருந்தாத சின்ன வாய். முள் கூடினாலும் பொரித்தால் ருசி என்பார்கள்; பருத்தித்துறையில் கீளி தின்று வளர்ந்தவருக்கு முள் ஒரு பொருட்டா?

இரைக்கு அங்கே கடைக்குத்தான் போகவேண்டும். ஏரிக்குப் போகும் வழியில் உள்ள பெற்றோல் நிலையங்களில் குளிர்பெட்டிக்குள் மூடி போட்ட கோப்பைகளில் மண்புழு விற்பார்கள். அந்தப் புழு வருகிற வழி ஒரு தனிக்கதை. தென்மேற்கு ஒன்ராறியோவின் வயல்களில் மழை பெய்த இரவுகளில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, இரண்டு கால்களிலும் இரண்டு தகர டப்பாக்களைக் கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தாமல் ஆட்கள் புழு பொறுக்குகிறார்கள். ஒரு டப்பா புழுவுக்கு. மற்றதில் மரத்தூள், வழுக்கும் விரலைத் தொட்டு உலர்த்த. முன்பு இத்தாலியரும் கிரேக்கரும் போர்த்துக்கீசரும் செய்த வேலை, பிறகு வியட்நாமியரின் கைக்கு வந்தது. வந்தேறிய சனம் எது புதிதோ அதன் முதுகில் ஏறுகிற வேலை. வட அமெரிக்காவின் பெரும் பகுதிக்குத் தூண்டில் புழு இப்படித்தான் போகிறது. மச்சான் போன்றவர்கள் வார இறுதியில் வாங்கும் ஒரு கோப்பைப் புழுவுக்குப் பின்னால் இன்னொரு அகதியின் இரவு இருக்கிறது. இதை நான் சொன்னபோது அவன் சற்று நேரம் பேசவில்லை.

புழுவும் அங்கே வந்தேறிதான். பனியுகத்தில் மைல்கணக்கான பனிப்பாளம் மூடிக்கிடந்த வடபகுதிக் காடுகளில் சொந்த மண்புழு கிடையாது. ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்த புழுக்களும், மீன்பிடித்து முடித்தவர்கள் கரையில் கொட்டிவிட்டுப் போன புழுக்களும் காட்டுத் தரையின் இலைக்கம்பளத்தைத் தின்று தீர்க்கின்றன. அந்த இலைப்படையை நம்பி முளைக்கும் செடிகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. எங்கள் பாடப்புத்தகத்தில் உழவனின் நண்பன் என்று படித்த பிராணி அங்கே காடழிக்கும் வேலை செய்கிறது. உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோவதிலும் சிக்கல். ஓர் ஏரியின் நோயையும் அந்நிய உயிரையும் இன்னோர் ஏரிக்குக் கடத்திவிடும் என்பதால், 2022 முதல் ஒன்ராறியோ மாகாணத்தை இரை வலயங்களாகப் பிரித்து, இரைமீனையும் அட்டையையும் வலயம் விட்டு வலயம் கொண்டுபோகக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். மிஞ்சிய இரைவாளியைத் தண்ணீருக்கு 30 மீற்றருக்குள் கொட்டினால் குற்றம். ஸ்கொட்லாந்தில், முள்ளந்தண்டுள்ள பிராணியை உயிரோடு கொக்கியில் கோத்து நன்னீரில் போடுவதே குற்றம். இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவே, ஊர்ந்து ஓடாத, நோய் பரப்பாத, குளிர்பெட்டி கேட்காத ஒரு போத்தல் புழு வந்தால் யார்தான் வாங்கமாட்டார்கள்?

மணமூட்டிய செயற்கை இரையைப் பெருவணிகமாக்கியது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பிரிட் லேக் என்னும் சிறு ஊரில் இருக்கும் பேர்க்லி நிறுவனம். 1988இல் ‘பவர்பெய்ட்’ என்ற பெயரில் வந்தது. அவர்கள் செய்த கெட்டித்தனம் ஒன்றுதான். மீன் இரையைக் கண்டு கவ்வுவது முதல் கட்டம்; கவ்வியதைத் துப்பாமல் வைத்திருப்பது இரண்டாம் கட்டம். வெறும் ரப்பர்ப் புழுவை மீன் ஒரு நொடிக்குள் துப்பிவிடும். சுவை இருந்தால் வைத்திருக்கும். அந்த இடைவெளியில் தூண்டில்காரன் நூலைச் சுண்டலாம். ஆய்வுகூடத் தொட்டிகளில் மீனை வளர்த்து, எதை எத்தனை நேரம் மெல்லுகிறது என்று கணக்கெடுத்தே இரையைச் செய்தார்கள்.

இங்கே மீனின் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மீனுக்கு மூக்குத் துவாரம் மூச்சுக்கு அல்ல. முன் துளையால் தண்ணீர் நுழையும், பின் துளையால் வெளியேறும். நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் தோல் அதில் கரைந்திருப்பதைப் படிக்கும். ‘கரைந்திருப்பது’ என்பதுதான் விசயம். எங்கள் மூக்குக்குக் காற்றில் பறக்கும் மணம் வேண்டும். மீனுக்குத் தண்ணீரில் கரையும் பொருள் வேண்டும். இறால் சதையிலிருந்து கசிகிற கிளைசீன், அலனீன், புரோலீன் போன்ற அமினோ அமிலங்களும் பீட்டெயினும் அப்படிக் கரைபவை. நாங்கள் பச்சை இறாலைக் கொதிநீரில் போட்டு எடுத்தவுடன் நாக்கில் தெரியும் அந்த மெல்லிய இனிப்பில் பெரும் பங்கு கிளைசீனுடையது. மனிதன் நாக்கும் மீனின் நாக்கும் ஒத்துப்போகிற அபூர்வமான இடங்களில் இறால் ஒன்று.

எண்ணெயில் குழைத்த வாசனை இதில் சேராது. மலிவான ரப்பர்ப் புழுக்கள் பல, மென்மையாக்கிய பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனவை. மேலே பூசியிருப்பது எண்ணெய். பெருஞ்சீரக மணம், உள்ளி மணம், வனிலா மணம். எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து போகும். மூடியைத் திறந்தவனின் மூக்கைத்தான் அது பிடிக்கும். நல்ல நிறுவனங்கள் இதை அறிந்தே தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட இரைகளைப் பின்னர் செய்தன. மச்சானின் போத்தல் அந்த உயர்ந்த சாதி. அதனால் அதை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளவும் முடியாது. மீனுக்கு எட்டும் வார்த்தை ஒன்றை அது உண்மையாகவே சொல்கிறது.

கல்லணைக்குக் கொண்டுபோனோம். முன்பு வங்கியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அங்கே நாள்தோறும் வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டார், அன்று வீட்டில் மரக்கறி. போத்தலை வாங்கி மணந்து பார்த்தார்.

“தம்பி, இதுக்கு என்ன விலை?”

மச்சான் டொலரில் சொன்னான். பெரியவர் மனதுக்குள் ரூபாயாக்கிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

“அந்தக் காசுக்கு இறாலே வாங்கிச் சமைக்கலாமே. பிறகேன் மீன் பிடிக்கிறது?”

புழுவைக் கோத்து வீசினான். கீளி உடனே எடுத்தது. எடுக்காமல் இருந்தால்தான் அதிசயம். கடல் பக்கத்துப் பாரைக்குட்டி ஒன்றும் எடுத்தது, அது மணத்துக்கா இளஞ்சிவப்பு நிறத்துக்கா என்று யாரால் சொல்லமுடியும்? ஆனால் கால்வாய் வாயில் கூட்டமாக உதடு காட்டிக்கொண்டு திரிந்த திரளி ஒன்றும் கிட்டவே வரவில்லை. பக்கத்தில் பெரியவரின் பாண் உருண்டையை அவை சுற்றிச் சுற்றி வந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. மச்சானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரளி சேற்றையும் பாசியையும் வாய்கொள்ள எடுத்துச் சலித்துத் தின்கிற மீன். புழு அதன் உணவுப்பட்டியலில் பெரும்பாலும் இல்லை. பின் பாண் மட்டும் எப்படி வந்தது?

நாங்கள் கொண்டுவந்தோம். கால்வாய்க் கரையோரம் எத்தனை வீடு, எத்தனை சாப்பாட்டுக்கடை, எத்தனை கழுவுத்தொட்டி. ஊறிய சோறும் பாண் துண்டும் பருப்புத் தண்ணீரும் இரவும் பகலும் அந்தத் தண்ணீரில் போய்க்கொண்டிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அந்த வாயில் மேய்கிற மீனுக்கு மாவுச்சத்து வீட்டுச் சாப்பாடு. எங்கள் ஊரில் செயற்கை இரை, இயற்கை இரை என்ற கோட்டை எங்கே போடுவது? பாண் எந்த ஆற்றில் விளைகிறது? கோதுமை கப்பலில் வந்து, மாவாகி, வெதுப்பகத்தில் வெந்து, பொரித்த மீனோடு தின்ன வாங்கியது. அதன் மிச்சம் மீனைப் பிடிக்கிறது.

திலாப்பியாவும் இப்படித்தான். 1952இல் ஆபிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. எங்கள் ஆற்று மீன்கள் ஓடும் நீருக்குப் பழகியவை. மன்னர்கள் கட்டிய குளங்களின் தேங்கிய நீரில் அவற்றால் பெருக முடியவில்லை. திலாப்பியா அந்த வெற்றிடத்தை நிரப்பி, இன்று நன்னீர் மீன்பிடியைத் தாங்குகிறது. பேர வாவியில் பச்சைப்பாசி நுரைத்து நிற்கிற நாளிலும் உயிரோடு திரியும். அதன் பெண், முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அதற்குத் தீன் கிடையாது. உலகத்து இரையெல்லாம் மூக்கின் முன் ஆடினாலும் வாயைத் திறக்காது. செயற்கையா உயிரிரையா என்ற விவாதத்துக்கு அந்தத் தாயிடம் ஒரே பதில்தான்.

இந்தக் குடும்பத்தில் தாவரம் தின்னும் இனமொன்றை வைத்து 1986இல் அமெரிக்காவில் ஆய்வு செய்தார்கள். இறைச்சி தின்னும் மீன்களுக்குப் பிடித்தவற்றை விட, கீரையில் இருக்கும் குளூட்டமிக், அஸ்பார்ட்டிக் அமிலங்கள் அதன் பசியைத் தூண்டின. குளூட்டமிக் அமிலத்தின் உப்புத்தான் அஜினமோட்டோ. பாலத்தடியில் ஒரு பெடியன் பாண் உருண்டையில் அஜினமோட்டோ தூவிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். கொத்துக்கடையில் வேலை செய்கிறவன். அவன் எந்த ஆய்வையும் படித்திருக்க மாட்டான். சனத்துக்கு ருசிப்பது மீனுக்கும் ருசிக்கட்டும் என்றான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் பக்கம் இறங்கினால் பேச்சு மாறிவிடும். களனி ஆறு கடலில் சேரும் அந்தக் கரையில் தூண்டில் பொழுதுபோக்கு மட்டுமல்ல. கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை, எல்லாம் மணமும் சுவையும்தான். கோழிக்குடலைக் கோத்துக் கெளிறு பிடிப்பார்கள். கெளிற்று இனங்களுக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோலெங்கும் சுவைமொட்டு. அது இரையை வாயால் தொடும் முன்னரே வாலால் ருசித்துவிடும். கொடுவாவுக்கு மட்டும் உயிரிரை: துள்ளும் இறால், அல்லது முதுகில் கொக்கி மாட்டிய திரளிக்குஞ்சு. ‘உயிரிரை’ என்ற சொல்லுக்கு முழுத்தகுதி அங்கேதான். அந்தக் குஞ்சு சாகாமல், களைக்காமல், ஆனால் தப்பவும் முடியாமல் நீந்தவேண்டும். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வருவதில்லை. பொரித்த கொடுவாத் துண்டு தட்டில் வரும்போது மனம் ஒன்றும் சொல்வதில்லை.

2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. அப்படியான காலத்தில் கைநூல்தான் அடுப்பெரித்தது. அங்கே ஒருவரிடம் போத்தல் புழுவைப் பற்றிச் சொன்னபோது அவர் பதில் சுருக்கமாக இருந்தது: “எங்களுக்கு இரை மிச்சமாகிற சாமான், தம்பி. வாங்கிற சாமானில்ல.” கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்துகிறவர் அவர். பாதுவை அந்தோனியார் ரிமினி நகரத்தில் மனிதர் செவிகொடுக்காதபோது மீன்களைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார் என்றும், மீன்கள் வரிசையாகத் தலையை நீருக்கு வெளியே தூக்கி நின்று கேட்டன என்றும் ஐதிகம். இரையே இல்லாமல் மீனைக் கூட்டிய ஆளின் கோயில் வாசலில் இரையைப் பற்றி விவாதிப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

எது கூடப் பிடிக்கும் என்ற கேள்வியோடு நிற்பதாக இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். கலங்கல் நீரில் இறாலும் குடலும் வெல்லும், தெளிந்த நீரில் போத்தல் புழுவும் சளைக்காது, திரளிக்குப் பாண். என் மனதை அரிப்பது, பிடிபடாத மீனின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பது.

மணமூட்டிய இரை வெற்றிபெறுவதே மீன் அதை உண்மை என்று நம்புவதால். நம்பினால் விழுங்கும். 1996இல் கொலராடோவில் வானவில் டிரவுட் மீன்களைப் பிடித்து விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இறகு கட்டிய செயற்கை ஈயால் பிடித்தவற்றில் 3.9 சதவீதம் செத்தன. மணமூட்டிய செயற்கை இரையை நூலைச் சுண்டிக்கொண்டே பாவித்தபோது 21.6 சதவீதம்; நூலைத் தளர விட்டுக் காத்திருந்தபோது 32.1 சதவீதம். செத்தவற்றில் பலவற்றுக்குக் கொக்கி உதட்டில் அல்ல, தொண்டையிலோ செவுளிலோ மாட்டியிருந்தது. பொய் எவ்வளவு திறமோ காயம் அவ்வளவு ஆழம். எங்கள் கரையில் மீனைப் பிடித்துவிட்டு முத்தம் கொடுத்து அனுப்புகிறவர் யாருமில்லை, அதனால் இந்தக் கணக்கு நேரடியாக எங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அறுந்துபோகிற நூல்கள் இருக்கின்றன. வெள்ளவத்தைக் கல்லிடுக்குகளில் நாளொன்றுக்கு எத்தனை கொக்கி மாட்டி அறுகிறது என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இறால்தலை அறுந்து விழுந்தால் நண்டு தின்னும். ரப்பர்ப் புழு அறுந்து விழுந்தால்?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2009இல் வெளியான ஆய்வொன்றில் மென்பிளாஸ்டிக் இரைகளைத் தொட்டிக்குள் சும்மா போட்டுவைத்தார்கள். புரூக் டிரவுட் மீன்கள் தாமாகவே விழுங்கின, விழுங்கியவை மெலிந்தன. 2013இல் அந்த மாநிலச் சட்டசபைக்கு ரப்பர் இரைகளைத் தடைசெய்யும் பிரேரணை ஒன்று வந்தது. தூண்டில்காரரும் வியாபாரிகளும் கொதித்தெழுந்தார்கள், தடை நிறைவேறவில்லை.

எங்களுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லித்தர மெய்ன் தேவையில்லை. 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள். ஜூன் 2ஆம் திகதி பின்பகுதி கடற்தரையைத் தொட்டது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. மேற்குக் கரை நெடுகிலும் அலையோடு வெள்ளை வெள்ளையாக வந்து ஒதுங்கின, பயறு அளவு. படையினர் கவச உடையோடு கரையில் குனிந்து அள்ளினார்கள். மீன்பிடி தடை. மீன் வாங்கச் சனம் பயந்தது. அதற்கு முதல் வருடம் பேலியகொடை மீன்சந்தையில் கொரோனா பரவியபோதும் இதே பயம் வந்து, முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆராச்சி பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். கப்பல் எரிந்தபோது அப்படிக் கடித்துக் காட்டவும் ஆள் இல்லை.

பிளாஸ்டிக் மணியை மீன் ஏன் தின்கிறது? முட்டை போலத் தெரிவதால் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2017இல் கலிபோர்னியாவில் நெத்தலி இன மீன்களை வைத்துச் செய்த சோதனை வேறொன்றைக் காட்டியது. கடலில் நாட்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக்கில் பாசியும் நுண்ணுயிரும் படர்ந்துவிடும். அந்தப் பிளாஸ்டிக்கை ஊறவைத்து எடுத்த தண்ணீரை மட்டும் தொட்டியில் விட்டபோது, நெத்தலிகள் தீனி தேடுகிற மாதிரிச் சுறுசுறுப்பாகக் கூடின. புதுப் பிளாஸ்டிக்கின் தண்ணீருக்கு அப்படி வரவில்லை. கண் ஏமாறியதல்ல, மூக்கு ஏமாறியது. அயோவாவின் ஆய்வுகூடத்தில் செலவழித்துச் செய்ததைக் கடல் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது: பிளாஸ்டிக்குக்கு உணவின் மணத்தை ஊட்டுகிறது. வித்தியாசம், அதில் கொக்கி இல்லை, மறுமுனையில் ஆளும் இல்லை. 2025 ஜூலையில் உயர்நீதிமன்றம் அந்தக் கப்பலின் உரிமையாளர் தரப்பு 100 கோடி டொலர் இழப்பீடு கட்டவேண்டும் என்று விதித்தது. மணிகளைத் தின்ற மீன்கள் எந்த வழக்கிலும் கட்சிக்காரர் அல்ல.

இதற்குப் பிறகும் வெள்ளவத்தைக் கடலுக்குள் இன்னொரு செயற்கைப் புழுவை மணமூட்டி இறக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அது ஒன்ராறியோ ஏரிகளுக்கு உகந்தது. அங்கே உயிர்ப்புழுவால் காடும் இரைமீனால் ஏரியும் கெடுகின்றன, போத்தல் ஒரு சின்னத் தீமை. இங்கே இறால்தலை குசினியில் மிஞ்சுகிறது, அறுந்தாலும் கடலுக்கு அது தீனி. கல்லணைக்கு வருகிற தம்பிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும்: சிக்குப்பட்ட தங்கூஸைக் கல்லிடுக்கில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள். கனடாவில் இருந்து வருகிற மச்சான் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டால், நல்ல துருப்பிடிக்காத கொக்கிகளுக்கும் ஆசைப்படாதீர்கள். அறுந்துபோனால் மீன் வாய்க்குள் துருப்பிடித்து உக்கிவிடுகிற சாதாரணக் கொக்கி நல்லது, அது புறக்கோட்டையிலேயே கிடைக்கும்.